குடியை விடுவதும் மறுபடி தொடுவதும்

(கிராமத் தம்பதிகள் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



குடி கெடுதல் என்று சொல்வதற்காக நான் இங்கே வரவில்லை. அது உங்களுக்குத் தெரியும். குடிக்கிறவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இன்று நான் பேச வந்தது வேறு விஷயம். குடியை நாலு தடவை விட்டு, நாலு தடவை மறுபடியும் தொட்டவர்களைப் பற்றி. இந்தக் கூட்டத்திலேயே அப்படிச் சிலர் இருக்கலாம். யார் என்று கேட்கப் போவதில்லை. ஆகவே யாரும் தூணுக்குப் பின்னால் நகர வேண்டாம்.

நம் ஊர்களில் குடியை எப்படி விடுகிறார்கள்? கார்த்திகை முதல் தேதி மாலை போடுகிறார்கள். ஆடியில் காப்புக் கட்டுகிறார்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். கற்பூரத்தை அணைத்தும், பெற்ற பிள்ளை தலையில் கை வைத்தும் சத்தியம் செய்கிறார்கள். இதில் ஒன்றும் தப்பு இல்லை. 41 நாள் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது சாதாரண உறுதி அல்ல. ஆனால் மலையிலிருந்து இறங்கி, மாலையைக் கழற்றிய அன்றே கடை வாசலில் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்த கார்த்திகைக்கு மறுபடி மாலை. நடுவில் ஒரு சண்டைக்குப் பிறகு ஒரு வாரம் நிறுத்தம், பிறகு கூலி வாங்கிய சனிக்கிழமை ஆரம்பம். "அவருக்கென்ன, நெனச்சா விட்டுடுவாரு" என்று வீட்டில் ஒரு பேச்சும் உண்டு.

இப்படி விட்டு விட்டுத் தொடங்குவதால் உடம்புக்கு என்ன ஆகிறது என்பது பலருக்குத் தெரியாது. தெரியாததால் உயிரே போகிற சந்தர்ப்பங்கள் உண்டு. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தினமும் குடிக்கிறவரின் மூளையை மது அமுக்கி மந்தமாக்குகிறது. மூளை சும்மா இருக்குமா? அமுக்குவதற்கு எதிராகத் தானும் தள்ளுகிறது. இரண்டு பேர் கயிறு இழுப்பது போல வருஷக்கணக்காக இது நடக்கிறது. திடீரென்று ஒருவர் கயிற்றை விட்டுவிட்டால் எதிரில் இருப்பவர் என்ன ஆவார்? மல்லாக்க விழுவார். தினம் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தும்போது மூளைக்கு ஏற்படுவது இதுதான்.

கடைசியாகக் குடித்து 6 மணி முதல் 12 மணி நேரத்துக்குள் கை நடுங்கும். வேர்க்கும், குமட்டும், தூக்கம் வராது, நெஞ்சு படபடக்கும். காலையில் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்கிறாரே, அந்த நடுக்கம் இதுதான். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குச் ஜன்னி கண்டுவிடும். காய்ச்சல், உளறல், இடம் தெரியாமை, சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ கூப்பிடுவதாகவும் தோன்றுவது, போர்வையைப் பிடுங்கிப் பிடுங்கி எதையோ எடுப்பது எல்லாம் வரும். வைத்தியம் இல்லாவிட்டால் இந்த நிலையில் உயிர் போகலாம்.

இனி முக்கியமான விஷயம். இந்தத் தொந்தரவு ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் வருவதில்லை. விட்டு, தொட்டு, மறுபடி விடும்போது முன்னைவிடக் கடுமையாக வருவதற்கு வாய்ப்பு அதிகம். முதல் தடவை வெறும் நடுக்கத்தோடு போயிருக்கும். நாலாவது தடவை வலிப்பு வரும். அடுப்பங்கரையில் இருக்கிற தாய்மார்களுக்கு இது உடனே புரியும். புது விறகு பற்ற எவ்வளவு நேரம் ஊத வேண்டியிருக்கிறது? ஒரு தடவை எரிந்து அணைந்த கரிக்கொள்ளி ஒரு குச்சியிலேயே பிடித்துக்கொள்ளும். மூளையும் அப்படித்தான். ஒவ்வொரு திடீர் நிறுத்தமும் அதை ஒரு தடவை கருக்கி வைக்கிறது. பாலஞ்சர், போஸ்ட் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் 1978இல் இந்தக் கருத்தை எழுதினார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயரும் நெருப்பு மூட்டுவதைக் குறிக்கிற சொல்தான். பிற்பாடு பல நாட்டு ஆஸ்பத்திரிகளில், விடும்போது வலிப்பு வந்தவர்களை விசாரித்தால், அவர்களில் பலர் முன்பே பல தடவை விட்டுத் தொடங்கியவர்களாக இருப்பது தெரிந்தது.

ஆகவே, "போன வருஷம் விட்டாரு, ஒண்ணும் ஆகலை, இந்த வருஷமும் ஒண்ணும் ஆகாது" என்கிற கணக்கு தப்பான கணக்கு.

எங்கள் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கட்டட வேலைக்குப் போகிற ஒருவர், நாற்பது வயதுக்காரர். நாலு வருஷமாகக் கார்த்திகைக்குக் கார்த்திகை மாலை போட்டு நிறுத்துகிறவர். முதல் இரண்டு வருஷம் ஒன்றுமில்லை. மூன்றாம் வருஷம் மூன்று ராத்திரி தூக்கமில்லாமல் புலம்பினார். நாலாம் வருஷம் மாலை போட்ட மறுநாள் விடியற்காலை குளிக்கப் போன இடத்தில் வலிப்பு வந்து விழுந்தார். கூட இருந்தவர்கள் கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தார்கள். அன்று மாலை உளற ஆரம்பித்ததும், விரதத்தில் ஏதோ குற்றம் நேர்ந்துவிட்டது, சாமி கோபித்துக்கொண்டது என்றார்கள். மனைவி தீட்டோடு சமைத்திருப்பாள் என்றுகூட ஒரு கிழவி சொன்னாள். பாவம் அந்தப் பெண்! புருஷன் குடித்தாலும் பழி அவளுக்கு, விட்டாலும் பழி அவளுக்கு. ஒரு பகல், ஓர் இரவு மந்திரித்துத் தண்ணீர் தெளிப்பதில் போயிற்று. பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிழைத்தார். ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

சாமியின் மீதும் குற்றமில்லை, சமைத்தவள் மீதும் குற்றமில்லை. பேய் பிசாசும் இல்லை. குடித்து நிறுத்தியவருக்கு இரண்டு மூன்று நாளில் உளறல் கண்டால் அது மது ஜன்னி. உடனே 108க்குப் போன் செய்யுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சுற்றி இருக்கிற கல், கட்டையை அகற்றுங்கள். வாயில் துணியோ கரண்டியோ திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். சாவிக்கொத்து வீட்டுக்காரம்மா இடுப்பிலேயே இருக்கட்டும்.

"அப்ப விடாமலேயே இருந்துடலாமே ஐயா?" என்று ஒரு சிரிப்புக் கேட்கிறது. எதிர்பார்த்தேன்! விடாமல் இருந்தால் கல்லீரல் கெடும், நரம்பு கெடும், குடும்பம் கெடும். அதில் யோசனைக்கே இடமில்லை. கல்லீரல் சுருங்க ஆரம்பித்தவர்கூட இன்று விட்டால் ஆயுள் கூடுகிறது. விட வேண்டும். திடீரென்று, தனியாக, வீட்டுத் திண்ணையில் விடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். அதுவும் எல்லாருக்கும் அல்ல. மாதம் ஒரு தடவை, திருவிழாவுக்கு ஒரு தடவை குடிக்கிறவர் இன்றைக்கே நிறுத்தலாம், ஒன்றும் ஆகாது. தினம் குடிக்கிறவர், காலையில் கை நடுக்கம் நிற்க ஒரு வாய் ஊற்றிக்கொள்கிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்போ உளறலோ வந்தவர், இவர்கள் டாக்டர் கண்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாக முடிவு செய்துவிட்டு, "இன்னிக்கு ராத்திரி ஒரு சொட்டுத் தொடக் கூடாது" என்று வீட்டில் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். போகிற இடத்தில் நிறுத்துவார்கள்.

அங்கே என்ன செய்வார்கள்? மூளை மல்லாக்க விழாமல் தாங்கிப் பிடிக்க ஒரு மாத்திரை கொடுத்து, ஐந்தாறு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அந்த மாத்திரையைக் கடையில் தானே வாங்கிப் போடக் கூடாது. சாராயத்தோடு அது சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். கூடவே பி-1 வைட்டமின் ஊசி போடுவார்கள். இது மிக முக்கியம். குடிக்கிறவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டதில் உள்ள இந்தச் சத்தையும் மது உடம்பில் சேர விடுவதில்லை. அது குறைந்தால் கண் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், ஞாபகம் ஒரேயடியாகப் போய்விடும். நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம், "அசதியா இருக்காரு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று தெருக்கோடி கம்பவுண்டரிடம் போவது. குடிகாரர் விஷயத்தில் இது அபாயம். பி-1 கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் இருக்கிற கொஞ்சம் சத்தும் செலவாகி, மூளை மேலும் கெடலாம்.

இன்னொரு அபாயம் மறுபடி தொடும்போது வருகிறது. 41 நாள் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். ஆனால் ஆசைக்கு அது தெரியாது. பழைய கணக்கிலேயே ஊற்றிக்கொள்கிறார். அன்றைக்குத்தான் மோட்டார் சைக்கிளோடு பள்ளத்தில் விழுகிறார், அன்றைக்குத்தான் வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைக்கிறது. மலையிலிருந்து திரும்பிய வாரத்தை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பீடி, சிகரெட், புகையிலை போடுகிறவர்கள் இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். அது வேறு வழி. புகையை எத்தனை தடவை விட்டுத் தொடங்கினாலும், அடுத்த தடவை விடும்போது வலிப்பு, ஜன்னி என்று எதுவும் வராது. எரிச்சல், தலைவலி, தூக்கக்கேடு, அகோரப் பசி இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் கடுமை. இரண்டு முதல் நாலு வாரத்தில் அடங்கிவிடும். ஆசை அலையாக வரும், சில நிமிஷத்தில் போய்விடும். அந்த நேரத்தைக் கடத்த ஒரு சொம்பு தண்ணீர், நாலு தரம் நடை, போதும். விட்டு ஒரு வருஷமானால் புகையால் வந்த மாரடைப்பு அபாயத்தில் பாதி குறைந்துவிடுகிறது. பத்துத் தடவை தோற்றவரும் பதினொன்றாவது தடவை தைரியமாக, யாரையும் கேட்காமல், நாளைக் காலையே விடலாம். பீடி சிகரெட்டைவிடச் சாது என்பது மட்டும் சுத்தப் பொய்.

இனி வீட்டுக்கு வருவோம்.

முதல் தடவை புருஷன் விட்டபோது மனைவி கோயிலுக்குப் பொங்கல் வைத்தாள். பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை வந்தது. இரண்டாம் தடவை பொங்கல் இல்லை, ஆனால் நம்பினாள். மூன்றாம் தடவை அவர் விட்டதாகச் சொன்னபோது, சரி என்று சொல்லிவிட்டு அரிசிப்பானைக்குள் இருந்த பணத்தை இடம் மாற்றி வைத்தாள். அவள் மேல் தப்பா? இல்லை. ஆனால் அவர் அதைப் பார்த்துவிட்டார். "விட்டவனை நம்பலையே, அப்ப எதுக்கு விடணும்?" என்று கிளம்பிவிட்டார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருப்பதால்தான் இந்தச் சண்டை தீர்வதில்லை. பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். அப்பா வருகிற செருப்புச் சத்தத்தைக் கேட்டே, இன்றைக்குப் படிக்கலாமா, போர்வைக்குள் போய்விடலாமா என்று முடிவு செய்கிற பிள்ளைகள் உண்டு. தினம் குடிக்கிற அப்பாவைப் பிள்ளை பழகிக்கொள்கிறது. விட்டுவிட்டு, சந்தைக்குக் கூட்டிப்போய் மிட்டாய் வாங்கிக்கொடுத்துவிட்டு, மறுபடி குடித்து வருகிற அப்பாவை அதனால் புரிந்துகொள்ள முடிவதில்லை.

இதற்குச் சத்தியம் மருந்தாகாது. சத்தியத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு சாவு வீட்டில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டார் என்று வையுங்கள். அது ஒரு சறுக்கல்தான், இன்னும் விழவில்லை. ஆனால் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர் மனசு என்ன சொல்கிறது? "சத்தியம் போச்சு. நான் பாவி. இனி ஒரு கிளாஸ் என்ன, பத்து கிளாஸ் என்ன" என்கிறது. வரப்பில் சறுக்கியவர் ஊன்றி எழுந்திருப்பதை விட்டு, "சறுக்கியாச்சு" என்று சேற்றில் உருளுவது போல. சறுக்கிய அன்றைக்கே, அல்லது மறுநாளே வீட்டில் சொல்லிவிட்டு டாக்டரையோ ஆலோசகரையோ பார்த்தால் அது சறுக்கலோடு நிற்கும். மறைத்தால் பத்து நாளில் பழைய கதைக்குப் போய்விடும். ஆகவே கணவன் மனைவி இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சறுக்கினால் அவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்ன அன்றைக்கு இவள் கத்தக் கூடாது. கஷ்டம்தான் அம்மா, எனக்குத் தெரியும். கத்துவதற்கு வேறு நாள் வரும்.

மறுபடி விழுவது பெரும்பாலும் எப்போது என்றும் கண்டிருக்கிறார்கள். 1971இல் அமெரிக்காவில் ஹண்ட், பார்னெட், பிராஞ்ச் என்பவர்கள் மது, புகை, ஹெராயின் மூன்றையும் விட்டவர்களின் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மூன்றும் ஒரே மாதிரி. மறுபடி தொட்டவர்களில் மிகப் பலர் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே தொட்டிருந்தார்கள். 41 நாள் முடிந்தவுடன் ஆபத்து முடிந்துவிட்டதாக நினைக்கிறோமே, அப்போது பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். மாலை கழற்றுகிற நாளில்தான் ஆலோசகரிடம் போக வேண்டும். கூலி நாளன்று மனைவியோ தாயோ கூட இருக்க வேண்டும். பழைய ஜமாவோடு அந்த மூன்று மாதம் கல்யாணத்துக்கும் போக வேண்டாம், காதுகுத்துக்கும் போக வேண்டாம். மொய்யை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பலாம்.

மறுபடி விழுந்தவரை ஊரார் கேலி செய்வது பெரிய கெடுதல். ரத்தக்கொதிப்புக்காரர் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி மயங்கி விழுந்தால் நாம் கேலி செய்கிறோமா? குடிக்குச் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 40 முதல் 60 பேர் வரை ஒரு வருஷத்துக்குள் மறுபடி தொடுகிறார்கள் என்றும், ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமாக்காரர்கள் வைத்தியத்தை விட்டு நோய் திரும்பி வருவதும் இதற்குக் குறைவில்லை என்றும் 2000இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் எழுதினார்கள். அவ்வளவு ஏன், நம் மாநிலத்து மதுவிலக்கே 1937இல் சேலத்தில் தொடங்கி, 1971இல் நின்று, 1974இல் திரும்பி வந்து, 1981இல் மறுபடி நின்றது. ஒரு ராஜ்யமே அப்படித் தடுமாறியிருக்கும்போது ஒரு கூலித் தொழிலாளியை மட்டும் கேலி பேச நமக்கு என்ன யோக்கியதை?

தாய்மார்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. குடியை மறக்கடிக்கிற மருந்து, சாம்பாரில் கலந்து கொடுங்கள், அவருக்கே தெரியாது என்று சிலர் விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். டாக்டர்கள் கொடுக்கிற டைசல்ஃபிராம் என்ற மாத்திரை ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். உயிருக்கே அபாயம். மாத்திரையை நிறுத்தியும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் உடம்பில் இருக்கும். அவர் சம்மதித்து, தெரிந்து, டாக்டர் பரிசோதித்துப் போட்டுக்கொண்டால் அது நல்ல துணை. தெரியாமல் சோற்றில் கலந்தால் விஷம் வைத்ததற்குச் சமம். வேறு மருந்துகளும் இப்போது உண்டு, எது தகும் என்று டாக்டர் சொல்வார்.

குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் 1980இல் சென்னையில் குடிநோய்க்கென்று ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். அங்கே குடிக்கிறவருக்குச் சிகிச்சை நடக்கும்போது மனைவிக்கும் ஆலோசனை உண்டு. மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் போட்டும் வைத்தியம் செய்தார்கள். குடித்தவர் ஒருவர், ஆனால் நோய்ப்பட்டது வீடு என்பதை அந்த அம்மையார் தன் வாழ்க்கையிலேயே கண்டவர்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. "பைத்தியக்கார டாக்டர்கிட்ட ஏன் போகணும்" என்று தயங்க வேண்டாம், இந்த வைத்தியம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். போனில் பேச வேண்டுமானால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

போகும்போது இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சில கேள்விகள் கேட்பார். எத்தனை வருஷமாகக் குடிக்கிறார், தினம் எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார், இதுவரை எத்தனை தடவை நிறுத்தினார், நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, உளறினாரா? முதல் மூன்றுக்கும் அவர் பதில் சொல்வார், கொஞ்சம் குறைத்தே சொல்வார். கடைசி இரண்டு அவருக்கு நினைவில் இருக்காது. விழுந்தது அவர், பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நீங்கள். ஆகவே அம்மா, அதை நீங்கள்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எந்த வருஷம், எத்தனாவது நாள், எவ்வளவு நேரம் என்று ஒரு தாளில் பிள்ளையைக் கொண்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.